ஏழாம் அத்தியாயம்: தீரும் குறையும் தீராக் குறையும்

குடும்பத்திற்கென்று ஒரு வாகனத்தை வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற்கும் முதியோரை வைத்தியரிடத்துக்கும் சுற்றத்தாரைக் கலியாணங்களுக்கும் பல்லாண்டுகள் அதிலே ஏற்றிச் சென்ற பின்னர், அதே நிறுவனத்தார் அதன் புதிய தலைமுறையை வெளியிட்டிருக்கிறார்கள் என்னும் செய்தி காதில் விழுந்தவுடன், நேற்று வரையில் நிறைவாகத் தோன்றிய வண்டி இன்று குறையுடையதாகத் தோன்றத் தொடங்குவது மனித சுபாவமே. அந்த எண்ணத்தைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. உழைத்துச் சம்பாதிக்கும் குடும்பஸ்தர் ஒருவர், தம்மைச் சேர்ந்தவர்கள் இன்னும் சௌகரியமாகவும் க்ஷேமமாகவும் பிரயாணம் செய்ய வேண்டுமென்று விரும்புவது நியாயமானதே. ஆயினும் பத்து இலட்சம், பதினைந்து இலட்சம் என்று பணம் கைமாறும் காரியத்தில் ஆசை முன்னே நடக்க, யோசனை பின்னே தொடரலாகாது.

இந்த அத்தியாயத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய வண்டியில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்பதற்கு முன்பாக, பழைய வண்டியில் என்னென்ன குறைகள் இருக்கின்றன என்று கேளுங்கள். கண்ட குறைகளை, பட்டறையில் பணம் கொடுத்தால் தீர்ந்துபோகும் குறைகள் என்றும், எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த வண்டியில் தீராத குறைகள் என்றும் இரண்டாகப் பிரியுங்கள். தீரும் குறைக்காக வண்டியை மாற்றுவது வீண் செலவு. தீராக் குறையோடு வண்டியை வைத்திருப்பது, சில சமயங்களில் ஆபத்து. விற்பனைக்கூடத்திற்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே இந்தப் பாகுபாடு முடிந்திருக்க வேண்டும்.

உதாரணங்களுக்குப் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் பிரதேசத்தின் தென்கோடியிலுள்ள கீழவாஞ்சூரை எடுத்துக்கொள்கிறேன். கிழக்கே கடல், 2009ஆம் ஆண்டு முதல் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகம், தெற்கே எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டு நாகூர், வடக்கே திருமலைராயன்பட்டினமும் காரைக்காலும், நடுவே தேசிய நெடுஞ்சாலை 32 என்று அமைந்திருக்கும் இந்த ஊரில், ஒரு காரின் ஆயுளைத் தீர்மானிக்கும் உப்புக் காற்று, நிலக்கரித் தூசி, மழைவெள்ளம், இரு அரசுகளின் பதிவுச் சட்டங்கள் ஆகிய அனைத்தும் ஒருசேர வந்து அமைந்திருக்கின்றன. இங்கே பொருந்தும் விதிகளைச் சிறிது கூட்டியோ குறைத்தோ கடற்கரையூர் எதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

தலைமுறை என்பது யாது

வாகன நிறுவனத்தார் செய்யும் மாற்றங்கள் இருவகை. அடித்தளமும் உடற்கூடும் எஞ்சினும் புதிதாக வகுக்கப்படுமானால் அது தலைமுறை மாற்றம். விளக்குகளும் முகப்பும் உள் அலங்காரமும் மாத்திரம் மாறினால் அது முகமாற்றம். ‘ஃபேஸ்லிஃப்ட்’ என்று வியாபாரிகள் சொல்வது இதைத்தான். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் உருவாகும் ஹூண்டாய் கிரெட்டாவைப் பார்ப்போம். முதல் தலைமுறை 2015 ஜூலையிலும், இரண்டாம் தலைமுறை 2020 மார்ச்சிலும், அதன் முகமாற்றம் 2024 ஜனவரியிலும் வெளிவந்தன. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே சக்கர இடைவெளி 2590 மில்லிமீட்டரிலிருந்து 2610ஆக உயர்ந்தது. அதாவது கூடியது இரண்டே சென்டிமீட்டர். தரையிலிருந்து உள்ள உயரமோ இரண்டிலும் 190 மில்லிமீட்டர்தான். ஆகையால், ஐப்பசி கார்த்திகையில் தெருவில் தேங்கும் தண்ணீரைப் புதிய தலைமுறை எளிதாகக் கடந்துவிடும் என்று நினைத்து அதை வாங்குவோர் ஏமாறுவர். மாறாக, முகமாற்றம் என்று சொல்லப்பட்ட 2024ஆம் ஆண்டு வண்டியிலேதான், முன்னே செல்லும் வாகனத்தைக் கண்டு தானே பிரேக் பிடிக்கும் உதவி முறைகள் முதன்முதலாக வந்தன. அதற்குச் சில மாதங்கள் முன்னரே, 2023 அக்டோபரில், அந்நிறுவனத்தார் தம் கார்களின் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகளை வழங்குவதாக அறிவித்திருந்தனர். எனவே ‘புதிய தலைமுறை’ என்ற பெயரை நம்பாமல், எந்த ஆண்டு எந்த வகையில் எந்த உறுப்பு வந்தது என்று பார்ப்பதே விவேகம்.

இதிலிருந்து இன்னொரு உண்மையும் புலனாகும். முதல் தலைமுறைக் கிரெட்டாவின் உயர்ந்த வகையில் ஆறு காற்றுப்பைகள் இருந்தன. 2020இல் வந்த இரண்டாம் தலைமுறையின் தாழ்ந்த வகையில் இரண்டே இருந்தன. பழைய உயர்ந்த வகையை வைத்திருப்பவர் அதைக் கொடுத்துவிட்டு, கைக்கு எட்டும் விலையென்று அந்தத் தாழ்ந்த வகையைப் பெற்றால், அவர் மேலேறியவராகார், கீழிறங்கியவரே ஆவார். இன்று பழைய வண்டிச் சந்தையில் அத்தகைய வண்டிகள் ஏராளமாக வருவதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

சில வண்டிகளில் புதிய தலைமுறை வந்த பின்னரும் பழையது விற்பனையில் நீடிக்கும். 2002இல் தோன்றிய ஸ்கார்ப்பியோ, 2022இல் ஸ்கார்ப்பியோ-என் வந்தபோது ‘கிளாசிக்’ என்ற பெயரோடு உடன் நின்றது. இன்னோவா ஹைக்ராஸ் 2022இன் இறுதியில் வெளிவந்த பின்னரும் டீசல் கிரிஸ்டா தொடர்ந்து விற்கப்பட்டது. அப்படி நீடிக்கும் வண்டிக்கு உதிரிபாகம் கிடைப்பதில் சங்கடமிராது. கிரிஸ்டா தனிச் சட்டத்தின்மேல் உடலை ஏற்றி, பின்சக்கரத்தைச் சுழற்றும் வண்டி. ஹைக்ராஸோ சட்டமும் உடலும் ஒன்றாய் அமைந்து, முன்சக்கரத்தைச் சுழற்றும் வண்டி. பெயர் ஒன்றாயிருப்பினும் சுபாவம் வேறு. 2011இல் வந்த மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.500, 2021இல் எக்ஸ்.யூ.வி.700 வந்த ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. அதை வைத்திருப்போர், கதவு, பம்பர், விளக்கு முதலிய உடற்பாகங்கள் இன்னும் எத்தனை நாளில் கிடைக்கின்றன என்று தமக்கு வழக்கமான பட்டறையில் விசாரித்தறிவது நலம்.

முதலில் பயணக் கணக்கு

கீழவாஞ்சூரில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் பிரயாணங்களைப் பார்த்தால், பெரும்பாலானவை குறுகியவை: நாகூர்க் கடைத்தெரு, நாகப்பட்டினம், காரைக்கால் மருத்துவமனை, பள்ளிக்கூடம், சனிக்கிழமைகளில் திருநள்ளாறு. மாதத்திற்கொரு முறை தஞ்சாவூரோ கும்பகோணமோ. அரசாங்கக் காரியமாகப் புதுச்சேரிக்குப் போகவேண்டுமானால் சிதம்பரம், கடலூர் வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்து செல்லும் நீண்ட பிரயாணம். ஆண்டுக்குச் சில தடவை சென்னையோ திருச்சி விமான நிலையமோ. இவற்றையெல்லாம் ஒரு தாளில், ஓராண்டில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர், எத்தனை பெட்டிகள், இரவா பகலா என்று எழுதுங்கள். வண்டியில் எல்லா இருக்கைகளும் நிறைவது ஆண்டில் எத்தனை தடவை என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இந்தத் தாளே பல சந்தேகங்களைத் தீர்த்துவிடும். வீட்டில் ஏழு பேர் சேர்ந்து பிரயாணம் செய்வது வழக்கமாகிவிட்டதென்றால், ஐந்து பேர் வண்டியின் அடுத்த தலைமுறையும் ஐந்து பேர் வண்டியே ஆகையால், அதை வாங்கிப் பயனில்லை. நாடவேண்டியது வேறு வகை வாகனம். அதிலும், எக்ஸ்.யூ.வி.500 போன்ற ஏழு பேர் வண்டிகளில் மூன்றாம் வரிசையை நிமிர்த்திய பின்னர்ப் பெட்டி வைக்கும் இடம் மிகச் சொற்பமே எஞ்சும் என்பதை உணர்ந்து, வீட்டிலுள்ள பெட்டிகளையே விற்பனைக்கூடத்திற்கு எடுத்துச் சென்று, வீட்டிலுள்ளோரையே மூன்று வரிசையிலும் உட்கார வைத்து, பின்கதவை மூடிப் பார்க்க வேண்டும். பாட்டி மூன்றாம் வரிசைக்கு ஏறி இறங்க முடியவில்லையானால், அந்த ஏழாவது இருக்கை கணக்கில் மட்டுமே இருக்கும்.

தீராக் குறை ஒன்று: துரு

கடலோரத்தில் காருக்கு உண்டாகும் பெருநோய் துரு. அது பெயிண்டின் மேலே தெரியும்போது உள்ளே பாதி வேலையை முடித்திருக்கும். ஆதலால் மாற்றுவதா வைத்திருப்பதா என்ற கேள்வி எழுந்தவுடன் செய்யவேண்டிய முதல் காரியம், வண்டியைப் பட்டறையில் லிஃப்டின்மேல் ஏற்றச் செய்து, கையில் விளக்கோடு நீங்களே அதன் அடியில் நின்று பார்ப்பதாகும்.

பார்க்கவேண்டிய இடங்கள் இவை. கதவுகளின் கீழ்விளிம்பில் தகடு மடிந்திருக்கும் இடத்தை விரலால் தடவினால் வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரவென்று கொப்புளித்திருந்தால் உள்ளிருந்து துரு வருகிறதென்று பொருள். அங்கே தண்ணீர் வடியும் சிறு துவாரங்கள் மண்ணாலும் தூசியாலும் அடைபட்டிருக்கின்றனவா என்று ஒரு குச்சியால் குத்திப் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் நிலக்கரி இறங்கும் ஊரில் இந்தத் துவாரங்களைக் கவனியாது விடலாகாது. அடுத்து, ஜாக்கி வைக்கும் இடம், பக்கவாட்டு அடிச்சட்டம், பின்சக்கர வளைவின் உட்புறம், சஸ்பென்ஷன் உடலோடு பொருந்தும் மேற்பகுதி ஆகியவற்றைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக் கேளுங்கள். கணீரென்று ஒலித்தால் தகடு நன்றாக இருக்கிறது. மந்தமாக ஒலித்துத் துகள் உதிர்ந்தால் தகடு அரிக்கப்பட்டிருக்கிறது. பிறகு உள்ளே வந்து முன்னிருக்கையின் கீழுள்ள விரிப்பைத் தூக்கி, ஈரமும் வாடையும் உண்டா, இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகள் பழுப்பேறியுள்ளனவா என்று பாருங்கள். முன்னொரு வெள்ளத்தில் உள்ளே நீர் புகுந்ததா என்பதை அந்த இடம் சொல்லிவிடும். 2008இன் நிஷா, 2018இன் கஜா ஆகிய புயல்களைக் கண்ட இக்கரையில், பழைய வண்டி வாங்குவோர்க்கும் இது அவசியமான பரிசோதனை.

கதவு, பானெட், பின்கதவு ஆகியவற்றின் மேற்றுரு தீரும் குறை; டிங்கரிங் செய்து பெயிண்ட் அடிக்கலாம், அல்லது அந்தக் கதவையே மாற்றலாம். அடிச்சட்டம், தூண்கள், சஸ்பென்ஷன் பொருந்துமிடம், இருக்கை பெல்ட்டுகள் உடலோடு பிணைக்கப்படும் இடம் ஆகியவற்றில் துரு ஊறிவிட்டதானால் அது தீராக் குறை. மோதலின் வேகத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டிய எலும்பு அது. அதன்மேல் தகட்டை வைத்துப் பற்றவைத்தால் பார்வைக்கு மறையுமேயன்றிப் பழைய பலம் திரும்பாது. அப்படிப்பட்ட வண்டியைக் குடும்பத்திற்கு வைத்திருப்பது தகாது. உண்மையை மறைத்து இன்னொரு குடும்பத்திற்கு விற்பது அதைவிடத் தகாது.

புதிய வண்டி வாங்கினாலும் இந்தக் காற்று மாறப்போவதில்லை. மாதமொரு முறையாவது அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடலோரக் கிணறுகளில் உப்புநீர் ஊறும் வீடுகளில் அந்த நீரையே உபயோகிப்பது நோயை மருந்தென்று ஊட்டுவதாகும். புதிய தலைமுறைகளில் பம்பரிலும் சக்கரத்தருகிலும் மின்னுணர்விகளும் இணைப்பிகளும் அதிகம் என்பதால், இந்தக் கவனம் முன்னைவிட அதிகமாகவே வேண்டும்.

தீராக் குறை இரண்டு: உயிர்க்காப்பு

சீட் உறையையும் திரையையும் பின்னால் பொருத்திக்கொள்ளலாம். காற்றுப்பைகளையும், வளைவில் வண்டி சறுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்து நிலைநிறுத்தும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டையும், மோதலைத் தாங்கும் உடற்கூட்டையும் எந்தப் பட்டறையிலும் பொருத்திக்கொள்ள முடியாது. ஆகையால் தலைமுறை மாற்றத்திற்கு மிகவும் கௌரவமான காரணம் இதுவே. மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். என் வண்டியில் எத்தனை காற்றுப்பைகள்? நிலைப்புக் கட்டுப்பாடு உண்டா? பின்னிருக்கையில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிணைக்கும் மும்முனை பெல்ட்டும், குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கியும் உண்டா?

உடற்கூட்டின் பலத்தைக் கதவு சாத்தும் ஓசையைக் கொண்டு நிர்ணயிக்கலாகாது. மோதல் சோதனையின் முடிவைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும். குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களின் சோதனை முடிவுகளை 2014இல் வெளியிடத் தொடங்கிற்று; பாரத் என்கேப் என்னும் நம் நாட்டுத் திட்டம் 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. 2021 நவம்பரில் எக்ஸ்.யூ.வி.700 பெரியோர் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2022 ஏப்ரலில் இரண்டு காற்றுப்பைகள் கொண்ட இரண்டாம் தலைமுறைக் கிரெட்டா மூன்று நட்சத்திரமே பெற்றது. அதன் உடற்கூடு நிலையற்றதென்றும் மதிப்பிடப்பட்டது. இவ்விரண்டும் புதிய தலைமுறைகளே. எனவே புதுமை என்பது தானாகவே பாதுகாப்பாகிவிடாது. 2022 ஜூலையில் குளோபல் என்கேப் தன் சோதனை முறையைக் கடுமையாக்கிற்று என்பதால், அதற்கு முந்திய நட்சத்திரத்தையும் பிந்திய நட்சத்திரத்தையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது. நீங்கள் வாங்கவிருக்கும் வகையே சோதிக்கப்பட்டதா, எந்த ஆண்டில் என்று பாருங்கள்.

இவையெல்லாம் இருந்தும் பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் பிரயாணம் செய்யும் குடும்பத்திற்கு எந்தத் தலைமுறையும் காவலாகாது. பழைய வண்டியிலேயே இன்று முதல் செலவின்றிச் செய்துகொள்ளக்கூடிய அபிவிருத்தி இது.

தீரும் குறைகள்

பழைய வண்டி சலிப்புத் தருவதற்குக் காரணமாயிருப்பவற்றுள் பெரும்பாலானவை இந்த வகுப்பில் அடங்கும். மேடுபள்ளத்தில் ‘கடகட’வென்ற சத்தம், கையில் அதிர்வு, ஒரு பக்கமாக இழுத்தல், ஏ.சி.யில் குளிர்ச்சிக் குறைவு, மங்கிய முன்விளக்கு, பிசுபிசுத்த ஸ்டியரிங் உறை, போனோடு இணையாத பாட்டுப் பெட்டி ஆகிய இவையெல்லாம் சேர்ந்து வண்டி கிழடாகிவிட்டதென்ற மனப்பான்மையை உண்டாக்குகின்றன. சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றி, வீல் அலைன்மென்ட் செய்து, கடற்காற்றில் அரித்த ஏ.சி. கண்டென்சரைப் புதிதாக்கி, உட்காற்று வடிகட்டியை மாற்றிய வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களில் பலர், புதிய வண்டியைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள்.

டயரை விசேஷமாகப் பாருங்கள். அதன் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ‘2319’ என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் செய்யப்பட்டதென்று பொருள். பள்ளம் ஆழமாக இருந்தாலும், வெயிலிலும் உப்பிலும் ஆறு ஏழு ஆண்டுகள் கிடந்த ரப்பர் இறுகிப்போய், நனைந்த சாலையில் பிடிமானத்தை இழந்துவிடும். பழைய வண்டி பிரேக் பிடிக்க மறுக்கிறது என்ற புகாருக்கு நான்கு புதிய டயர்களே பரிகாரமாக அமைவதுண்டு.

பட்டறைக்காரரிடம் ஒரே எஸ்டிமேட்டாக வாங்காமல், பாதுகாப்புக்கு அவசியமானவை, சௌகரியத்திற்கானவை, அழகுக்கானவை என்று மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். முதலிரண்டின் தொகை, வண்டி இன்று விலைபோகும் தொகையில் பாதிக்கும் குறைவாக இருக்குமானால், தீராக் குறை ஒன்றும் இல்லாதவிடத்து, பழுது பார்ப்பதே சிலாக்கியம்.

எரிபொருள் என்னும் புதிய விஷயம்

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு அமலுக்கு வந்த பின் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று சேர்ந்தது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது மிகுந்த வெப்பத்தில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நெடுஞ்சாலை வேகத்தில் பதினைந்து இருபது நிமிஷமாவது இடைவிடாத ஓட்டம் வேண்டும். கீழவாஞ்சூருக்கும் நாகூருக்கும் இடையே போய்வருவதோடு நின்றுவிடும் வண்டியில் அந்த வெப்பம் உண்டாவதில்லை. எச்சரிக்கை விளக்கு எரியும். அலட்சியம் செய்தால் வண்டி வேகம் குன்றிப் பட்டறைக்கு வரும். குறுகிய பிரயாணமே அதிகமாக உள்ளவர், பழைய டீசலின் நினைவில் புதிய டீசலை வாங்கலாகாது. வாங்கினால், வாரமொரு முறை நெடுஞ்சாலையில் நிதானமாக நீண்ட தூரம் ஓட்டும் வழக்கம் வேண்டும்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்போருக்கு வேறொரு யோசனை. இப்போது பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரையில் எத்தனால் கலந்திருக்கிறது. 2023 ஏப்ரலுக்கு முந்திய வண்டிகளிற் பெரும்பாலானவை பத்துப் பங்குக் கலப்பை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றிலொரு பங்கு குறைவாதலால் மைலேஜ் சிறிது குறையும். பழைய ரப்பர்க் குழாய்களும் ஓரிங்குகளும் விரைவில் தளரக்கூடும். இது வண்டியை உடனே மாற்றுவதற்குரிய காரணமன்று. கையேட்டைப் பார்த்து, எரிபொருள் குழாய்களை ஆண்டுதோறும் சோதித்து, தளர்ந்ததை மாற்றினால் போதும். நெடுநாள் ஓட்டாமல் நிறுத்திவைக்கும் பெட்ரோல் வண்டிக்கு மாத்திரம் கூடுதல் கவனம் தேவை.

பணக்கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சாலைக்கு வரும் விலை பதினைந்து இலட்சம். பழைய வண்டிக்கு ஐந்து இலட்சம் கிடைக்கிறது. மிச்சம் பத்து இலட்சத்தை ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்குகிறோம் என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறக்குறைய 20,760 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் வட்டி மட்டும் சுமார் 2,45,000 ரூபாய் ஆகியிருக்கும்.

‘புதியது அதிக மைலேஜ் தருகிறது’ என்ற சமாதானத்தையும் இதோடு ஒப்பிடுவோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்தில், பழையது லிட்டருக்கு 14 கிலோமீட்டரும் புதியது 17 கிலோமீட்டரும் தருமானால், மிச்சமாகும் எரிபொருள் ஏறக்குறைய 150 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டாலும் ஆண்டு முழுவதும் மிச்சம் பதினையாயிரம் ரூபாயே. ஒரு மாதத் தவணைக்கும் அது போதாது. எரிபொருள் சிக்கனம் புதிய வண்டி வாங்கியவருக்கு ஒரு லாபம். வாங்குவதற்கு அது காரணமாகாது.

வரியிலும் ஒரு மாறுதல் நிகழ்ந்திருக்கிறது. நான்கு மீட்டருக்கு மேற்பட்ட எஸ்.யூ.வி.க்களின்மேல் ஜி.எஸ்.டி.யும் மேல்வரியும் சேர்ந்து 45 முதல் 50 விழுக்காடு வரையில் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது ஒரே வரியாக 40 விழுக்காடு ஆயிற்று. நான்கு மீட்டருக்கு உட்பட்டு, பெட்ரோலில் 1200, டீசலில் 1500 சி.சி.க்கு மேற்படாத சிறு வண்டிகளுக்கு 18 விழுக்காடுதான். பயணத் தாளில் ‘நான்கு பேர், குறுந்தூரம்’ என்றே மிகுதியாக எழுதியிருப்பவர் இந்த வித்தியாசத்தை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

காப்பீட்டில், உரிமைகோரல் செய்யாதவருக்கு ஆண்டுதோறும் 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று ஏறிவரும் தள்ளுபடி உண்டு. இது வண்டிக்குரியதன்று; உரிமையாளருக்குரியது. பழையதை விற்கும்போது காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதம் பெற்றுப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். ‘எக்ஸ்சேஞ்ச்’ அவசரத்தில் இதை மறந்து பல ஆயிரம் ரூபாயை இழப்போர் பலர். புதிய பாலிசி எழுதும்போது, வெள்ளநீர் புகுந்து எஞ்சின் கெட்டால் ஈடுசெய்யும் கூடுதல் காப்பையும் சேர்த்துக்கொள்வது இந்தக் கரையில் அத்தியாவசியம். சாதாரணப் பாலிசியில் அது பெரும்பாலும் அடங்காது.

எல்லையோரத்துக்காரர் அறியவேண்டியவை

கீழவாஞ்சூர் வண்டிக்குப் பதிவெண் பி.ஒய்.02 என்று தொடங்கும். நாகூர் வண்டிக்கு டி.என்.51. விலை பேசுவதற்கு இந்த எழுத்துகள் முக்கியமானவை. புதுச்சேரிப் பதிவுள்ள வண்டியைத் தமிழ்நாட்டவர் ஒருவர் வாங்கினால், காரைக்கால் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று பெற்று, தமிழ்நாட்டில் வரி கட்டி, புதிய எண் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் அவர் விலையில் கழித்துக் கேட்பார். கடன் இருந்திருந்தால் வங்கியின் நிலுவையில்லாச் சான்றும் முன்னதாகவே கையில் இருக்க வேண்டும். ஆகவே காரைக்காலுக்குள்ளேயே வாங்குபவரைத் தேடுவது பலமுறையும் லாபகரம்.

விற்ற பின்னர் ஆர்.சி.யில் பெயர் மாறும் வரையில் ஓய்வு கொள்ளாதீர்கள். கைமாறிக் கைமாறிச் சென்ற வண்டி விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018இல் நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வியாபாரியிடம் கொடுத்தாலும் இதே கவனம் வேண்டும். ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிக் கையொப்பம் பெறுங்கள், பெயர் மாற்றம் ஆனதற்கு அத்தாட்சி கேளுங்கள்.

டெல்லியில் பத்தாண்டு டீசல் வண்டிக்குத் தடை என்ற செய்தியைக் கேட்டு இங்குள்ளோர் கலங்க வேண்டியதில்லை. அது அந்தத் தலைநகர வட்டாரத்திற்குரிய ஏற்பாடு. இங்கே பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. 2011இல் பதிவான எக்ஸ்.யூ.வி.500 இந்த வாசலை 2026இல் அடைகிறது. 2015இன் கிரெட்டா 2030இல் அடையும். பதினைந்தை நெருங்க நெருங்க வாங்குவோர் குறைந்து விலை சரியுமாதலால், எப்படியும் விற்கப்போகிற வண்டியைப் பதின்மூன்றாம் ஆண்டுக்குள் விற்றுவிடுவது உத்தமம்.

ஓட்டிப் பார்த்தல்

விற்பனைக்கூடத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவிட்டுத் திருப்தியடையலாகாது. வண்டியை உங்கள் சாலைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். துறைமுகத்து லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை, கோடு அழிந்த கிராமத்துச் சாலை, மாடு குறுக்கிடும் வளைவு, அறுவடைக் காலமாயின் சாலையோரத்தில் நெல் காயும் இடம் என்று நாள்தோறும் நீங்கள் கடக்கும் வழியில், வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். தானாகப் பிரேக் பிடிக்கும் உதவி முறை பல சமயம் உயிர் காக்கும். எனினும் அதனோடு வரும், கோட்டுக்குள் வண்டியை நிறுத்தும் உதவி முறை சாலைக் கோட்டைக் காமிராவினால் கண்டறிவதாகையால், கோடில்லாச் சாலையில் அதன் பயன் குறுகும். அந்தக் காமிரா முன்கண்ணாடியில் பொருந்தியிருக்கும். ஜல்லி தெறித்துக் கண்ணாடி உடைந்தால், புதிய கண்ணாடியோடு காமிராவை மறுபடி அளவு பார்த்துப் பொருத்தும் வசதி எந்த ஊர்ச் சர்வீஸ் நிலையத்தில் உண்டென்பதை வாங்குமுன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு யோசனைகள். புதிய தலைமுறை வெளிவந்த முதல் ஆண்டில் வாங்காமல், சிறு பிழைகள் திருத்தப்படும் வரையில் ஓராண்டு பொறுத்திருப்பது நன்று. டிசம்பரில் தள்ளுபடி அதிகம் கிடைக்கும். ஆனால் மறுவிற்பனையில் தயாரிப்பு ஆண்டே பேசும் என்பதால், நான்கைந்து ஆண்டுகளில் மாற்றும் பழக்கமுள்ளவர் ஜனவரித் தயாரிப்பையும், பத்தாண்டு வைத்திருப்பவர் டிசம்பர்த் தள்ளுபடியையும் நாடலாம்.

முடிவு செய்யும் முறை

இனி ஒரு தாளை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் தீரும் குறைகளையும் வலப்பக்கம் தீராக் குறைகளையும் எழுதுங்கள். வலப்பக்கம் வெறுமையாக இருந்தால், வண்டியின் வயது பத்தாண்டுக்கு உட்பட்டதாயின், இடப்பக்கத்துச் செலவைச் செய்து மேலும் மூன்று ஆண்டு வைத்துக்கொண்டு, தவணையாகக் கட்டியிருக்கக்கூடிய தொகையில் ஒரு பகுதியை மாதந்தோறும் சேமியுங்கள். அடுத்த வண்டிக்குக் கடன் அந்த அளவுக்குக் குறையும். வலப்பக்கத்தில் இருக்கைக் குறை மட்டும் இருந்தால், தலைமுறையை மறந்து பெரிய வண்டியைத் தேடுங்கள். நிலைப்புக் கட்டுப்பாடும் போதிய காற்றுப்பைகளும் இல்லாத வண்டியில் இரவு நேரத்தில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அடிக்கடி செல்பவராயின், மாற்றுவதைத் தள்ளிப் போடாதீர்கள்; புதியதற்குப் பணம் போதவில்லையானால், எல்லாக் காப்புகளும் உள்ள உயர்ந்த வகையில் இரண்டு மூன்று ஆண்டு ஓடிய வண்டியை வாங்குவது, புதியதின் தாழ்ந்த வகையை வாங்குவதைவிட மேலானது. அடிச்சட்டத்தில் துரு என்று எழுத நேர்ந்தால், மற்ற கணக்குகளுக்கெல்லாம் அங்கே இடமில்லை. அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றுவதை அன்றே நிறுத்திவிடுங்கள்.

இந்தத் தாளை வீட்டிலுள்ள எல்லோரும், முக்கியமாகப் பின்னிருக்கையில் உட்காருகிறவர்கள், படித்துத் தத்தம் குறையைச் சேர்க்கட்டும். ஓட்டுகிறவருக்குத் தெரியாத குறை அவர்களுக்குத் தெரியும். வண்டி வாங்கப்படுவதும் பெரும்பாலும் அவர்களுக்காகவே. அவர்களுடைய சம்மதத்தோடு எடுக்கப்படும் முடிவு, மாற்றுவதாயினும் வைத்திருப்பதாயினும், பின்னால் வருந்துவதற்கு இடமளியாது.